தமிழ் எழுத்துக்கு முப்பரிமாண லோகோ: இங்க்ஸ்கேப், பிளெண்டர் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

சேலத்தில் முப்பரிமாண லோகோ கேட்டு வரும் வேலைகளில் பெரும்பாலும் ஐந்தாறு எழுத்துகள்தான் இருக்கும். கல்லூரி கிராபிக்ஸ் டெமோவின் தொடக்கத் தலைப்பு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கடையின் பெயர், ஏற்காடு கோடை விழா மேடையின் எல்.இ.டி. சுவரில் சுழலும் ஊர்ப்பெயர். இவற்றுக்கு இங்க்ஸ்கேப் (கோட்டு வரைபட மென்பொருள்), பிளெண்டர் (முப்பரிமாண மென்பொருள்) இரண்டையும் சேர்த்துப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: தமிழ் லோகோவுக்கு ஆகும் நேரத்தில் பாதிக்கு மேல் இங்க்ஸ்கேப்பில்தான் போக வேண்டும். அங்கே சரியாகாத வரிவடிவத்தை பிளெண்டரில் எந்த வெளிச்சம் போட்டாலும் காப்பாற்ற முடியாது.

பிளெண்டரின் டெக்ஸ்ட் ஆப்ஜெக்டில் நேரடியாகத் தமிழ் அடிப்பது 4.2 எல்.டி.எஸ். (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) வரை சரிவரவில்லை. யூனிகோடில் மெய்யெழுத்து முதலிலும் கொம்பு அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது எழுத்துகளை முறைப்படி அடுக்கும் ஷேப்பிங் என்ஜினின் வேலை; டெக்ஸ்ட் ஆப்ஜெக்டில் அது நடப்பதில்லை. ‘சேலம்’ என்று ஒட்டினால் இரட்டைக் கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘ஏற்காடு’ போட்டால் கடைசி எழுத்து டகரம் தனி, உகரக் குறி தனி என்று பிரிந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பதால் அவை ஒழுங்காக வரும். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் வந்த யூனிகோடு உரையை ஒவ்வொரு முறையும் மாற்றித்தான் ஒட்ட வேண்டும், பிழை நுழைய வாய்ப்பு அதிகம்.

எனவே இங்க்ஸ்கேப். எழுத்துரு தடிமனாக இருக்கட்டும்: பலூ தம்பி 2, முக்தா மலர் எக்ஸ்ட்ரா போல்டு, கேடமரான் பிளாக் மூன்றும் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, லோகோவுக்குத் தயங்காமல் எடுக்கலாம். அடித்து முடித்ததும் கண்ட்ரோல்+ஷிப்ட்+சி அழுத்தி பாத்தாக (வெளிக்கோட்டு வடிவமாக) மாற்றி, குழுவைக் கலைக்க வேண்டும். அடுத்துதான் பலர் தவறவிடும் இடம். கொம்பு, கால், கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி வடிவங்களாக வரும். சில எழுத்துருக்களில் கொக்கி மெய்யெழுத்தின் மேல் ஏறி நிற்கும். அதை அப்படியே கொண்டுபோனால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம் பிளெண்டரில் ஓட்டையாகிவிடும். தொடும் வடிவங்களை மட்டும் யூனியன் செய்து ஒன்றாக்க வேண்டும். கணு (கோட்டின் கட்டுப்பாட்டுப் புள்ளி) குறையட்டும் என்று சிம்ப்ளிஃபை கட்டளையைத் தொடவே கூடாது. ணகரத்தின் மூன்று சுழிகளும் மூன்று விதமாக நெளிந்துவிடும்.

இடைவெளியையும் இங்கேயே கையால் தள்ளிவிடுவது நல்லது. தட்டையாகப் பார்க்கும்போது சரியாக இருக்கும் இடைவெளி, எழுத்துக்குக் கனம் வந்து கேமரா சற்றுச் சாய்ந்ததும் அடைத்துக்கொள்ளும். எழுத்தின் உயரத்தில் 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக விடுகிறோம்.

பிளெயின் எஸ்.வி.ஜி.யாக (கோட்டு வரைபடக் கோப்பாக) சேமித்து பிளெண்டரில் இறக்கினால் எழுத்து கண்ணுக்கே தெரியாத அளவில் வரும். எழுத்தின் உடல் உயரம் 1 மீட்டர் ஆகும்வரை பெரிதாக்கி, ஸ்கேலை அப்ளை செய்துவிட (அந்த அளவையே அடிப்படை அளவாக்கிவிட) வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் கொடுக்கும் பெவல் (ஓரச் சரிவு) அளவு எதுவும் பொருளுள்ளதாக இருக்காது. பிறகு ஒரே எழுத்தின் துண்டுகளைக் கண்ட்ரோல்+ஜே மூலம் இணைக்க வேண்டும். சேகாரத்தின் கொம்பும் சகரமும் ஒரு ஆப்ஜெக்ட், மகரமும் அதன் புள்ளியும் ஒரு ஆப்ஜெக்ட். இதைச் செய்யாமல் எழுத்து எழுத்தாகப் பறந்து வரும் அனிமேஷன் போட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் வந்து சேரும். சுழற்றும் அனிமேஷனுக்கு இன்னொன்று: ஆரிஜினை (எழுத்து சுழலும் மையப்புள்ளியை) வடிவத்தின் நடுவுக்கு மாற்றினால், புள்ளி வைத்த எழுத்துகளுக்கு மட்டும் அது சற்று மேலே போய்விடும். ‘சேலம்’ சொல்லில் மற்ற இரண்டும் ஒரே அச்சில் உருள, ‘ம்’ மட்டும் துள்ளும். 3டி கர்சரை உடல் உயரத்தின் பாதியில் வைத்து எல்லா எழுத்துக்கும் ஒரே மட்டத்தில் ஆரிஜின் கொடுத்தால் தீரும்.

இனி கனம். எக்ஸ்ட்ரூட் 0.12 என்றால் இரு பக்கமும் சேர்ந்து 0.24 மீட்டர் கனம் வரும். பெவல் 0.02, ரெசல்யூஷன் (வளைவின் நுணுக்கம்) 3. பெவல் வெளிப்பக்கமாகத் தள்ளும் தன்மையது, 0.02 கொடுத்தால் ஒவ்வொரு சுழியின் ஓட்டையும் குறுக்களவில் 0.04 சுருங்கும். னகர ணகரச் சுழிகள் அடைபடுவதற்கு இதுதான் காரணம். ஆஃப்செட்டில் (வெளிக்கோட்டை உள்ளே, வெளியே நகர்த்தும் அமைப்பில்) அதே அளவை மைனஸாக, −0.02 என்று கொடுத்தால் வெளிக்கோடு எழுத்துரு வடிவமைப்பாளர் வரைந்தபடியே நிற்கும். அதற்கும் ஒரு விலை உண்டு: கோட்டின் தடிமன் பெவலைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் முகப்பில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிக் கறுப்புக் கீற்றுகள் தெரியும். ஏகாரத்தை எகரத்திலிருந்து பிரிக்கும் கீழ்ச்சாய்வு இப்படித்தான் முதலில் கெடும். ‘ஏற்காடு’ லோகோவில் அது கெட்டால் ஊர்ப்பெயரே மாறிப் படிக்கப்படும்.

எழுத்தைத் தரையில் நிறுத்துவதிலும் தமிழுக்குத் தனி கவனம் தேவை. ரகரத்தின் கால், றகரத்தின் வால், ழகரத்தின் சுழி எல்லாம் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்குபவை. தரையை அடிக்கோட்டில் வைத்தால் ரகரத்தின் கால் மண்ணுக்குள் போய், வெறும் துணைக்காலாகத் தெரியும். ‘சேர்வராயன்’ என்று போட்டுப் பார்த்தால் உடனே பிடிபடும். எங்களுக்கு நிலையான சோதனைச் சொல் அதுதான்.

பொருள் விஷயத்தில் சேலத்து வாடிக்கையாளர்கள் கேட்பது இரண்டு: கொலுசு வெள்ளி, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பிரின்சிபில்டு ஷேடரில் (பொருளின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பில்) மெட்டாலிக் 1. வெள்ளிக்கு நிறம் 0.972, 0.960, 0.915, ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0.15. ஸ்டீலுக்கு ரஃப்னெஸ் 0.3, கொஞ்சம் அனைசோட்ரோபிக் (ஒரு திசையில் இழுபடும் மினுக்கம்). இவ்வளவு சரியாகக் கொடுத்தும் சாம்பலாக நிற்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உலோகத்துக்கு வெளிச்சத்தைவிடப் பிரதிபலிக்க எதிரில் ஏதாவது வேண்டும். நீளமாகவும் ஒடுக்கமாகவும் இரண்டு ஏரியா லைட் பக்கவாட்டில், நடுவில் இருட்டு விட்டு வைத்தால், பெவல் ஓரத்தில் கோடு மின்னும். காலை மூடுபனியில் ஏற்காட்டில் எடுத்த படத்தை எச்.டி.ஆர்.ஐ. (சுற்றுப்புற ஒளிப்படம்) ஆகப் போட்டால் அழகாக இருக்கும் என்று தோன்றும். பனி எல்லாத் திசையிலும் ஒரே வெண்மை, அதனால் வெள்ளி மொத்தமும் மங்கிவிடும். பனி கலைந்த பிறகு, மரங்களின் கருநிழல் விழும் நேரத்துப் படம்தான் உதவும்.

பதிப்பு மாற்றங்களில் பட்டறிவு: பிளெண்டர் 4.0 முதல் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (திரையில் நிறம் காட்டும் முறை) இயல்பாகவே ஏஜிஎக்ஸ். நிழற்படத்தன்மைக்கு அது அருமை, லோகோவின் சிவப்பை மட்டும் வெளிறடிக்கும். நிறம் பொருந்தியே ஆக வேண்டிய வேலைக்கு ஸ்டாண்டர்டு. 4.1-இல் ஆட்டோ ஸ்மூத் (பரப்பை வழுவழுப்பாகக் காட்டும் வசதி) மெஷ் (முப்பரிமாண வலை) அமைப்பிலிருந்து போய் மாடிஃபையராக வந்தது. 4.2-இல் ஈவீ ரெண்டர் என்ஜினின் ப்ளூம் (ஒளிவட்டம்) பெட்டி போய்விட்டது; ஒளிவட்டத்துக்கு, ரெண்டர் ஆன படத்தை மெருகேற்றும் கம்போசிட்டரில் கிளேர் நோடு. எடுத்த வேலையை முடிக்கும்வரை பதிப்பை மாற்ற வேண்டாம்.

ரியல்டைம் டெமோவுக்கு (கணினி அந்தந்த நொடியே வரைந்து ஓட்டும் படத்துக்கு) எடுத்துப்போகும்போது கணக்கே வேறு. 40 வளைவுத் துண்டுகள் உள்ள ஓர் எழுத்து, இயல்பான ரெசல்யூஷன் 12-இல் 480 விளிம்புப் புள்ளிகள் ஆகும். 4 ஆகக் குறைத்தால் 160. நகரும் திரையில் வித்தியாசம் தெரிவதில்லை. பெவல் ரெசல்யூஷன் 0 அல்லது 1 போதும். முதுகு தெரியாத லோகோவுக்கு ஃபில் மோடில் ஃப்ரண்ட் மட்டும். 4096 பைட்டுக்குள் அடங்க வேண்டிய 4கே இன்ட்ரோவில் (மிகச் சிறிய டெமோ நிரலில்) மெஷ் வைக்கவே இடமில்லை. அங்கே எழுத்தைக் கோடுகளும் வட்டவில்களுமாகப் பிரித்து, ஷேடரிலேயே தூரச் சார்பாக (ஒரு புள்ளி கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும் சூத்திரமாக) எழுதுவார்கள். டகரம் இரண்டு கோடு, பகரம் மூன்று. சுழி எழுத்துகளும் வட்டவில்லில் நன்றாக அடங்கும். தூரத்திலிருந்து ஒரு சிறு மதிப்பைக் கழித்தாலே ஓரம் உருண்டுவிடுவதால், பெவல் தொல்லை அங்கே அநேகமாக இல்லை. தமிழில் இந்த வழியை இன்னும் நிறையப் பேர் முயல வேண்டும்.

எல்.இ.டி. சுவர் என்றால் பிக்சலை முன்கூட்டியே எண்ணிவிடுங்கள். 10 அடி அகலச் சுவர், 3.91 மில்லிமீட்டர் பிட்ச் (பிக்சல் இடைவெளி) என்றால் அகலத்தில் சுமார் 780 பிக்சல்தான். அதில் ‘சேர்வராயன்’ ஆறு எழுத்தும் நிற்கும்போது 0.02 பெவலுக்கு இரண்டு பிக்சல் கிடைக்கும், மினுமினுப்பு நடுங்கும். 0.04-க்கு ஏற்றி, சுழிகளை இங்க்ஸ்கேப்பில் முன்பே கொஞ்சம் திறந்துவிட வேண்டும்.

ரெண்டரை எப்போதும் பி.என்.ஜி. வரிசையாக எடுங்கள். ஐந்து நொடி, நொடிக்கு 25 என்றால் 125 படங்கள். சித்திரை வெயிலில் மின்சாரம் போனாலும், சூட்டில் லேப்டாப் அணைந்தாலும், விட்ட எண்ணிலிருந்து தொடரலாம். நேரடியாக எம்.பி.4 எடுத்தால் பாதியில் நின்ற கோப்பு திறக்காமலே போகலாம்.