"இந்தக் கல் கரையாது" என்று சொன்னால் நம்பாதீர்கள்: மீன்தொட்டியில் செடி வளர்ப்பவர்களுக்கு

கிரிஸ்டல் ரெட் இறால் வளர்ப்பவர்கள், மீன்தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு விட்டுச் செடி வளர்ப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். சாம்பல் நிறத்தில் வெள்ளை வரி ஓடும் சுண்ணாம்புக் கல்லை, எதுவும் கரையாத கல் என்று சொல்லி என்னிடம் விற்றுவிட்டார்கள். சிங்கப்பூரில் பலரும் போகிற கடைதான். பெயர் போடவில்லை.

வாங்கும்போதே தெளிவாகக் கேட்டேன். தொட்டியில் இறால் இருக்கிறது, அடியில் சோயில் (செடிக்கான தொட்டி மண்) போட்டிருக்கிறேன், இது சுண்ணாம்பா என்று. கடைப் பையன் தமிழ்தான். "அண்ணே, இது ஜப்பான் செய்ரியு. தண்ணியில ஒண்ணும் கரையாது, தைரியமா போடுங்க" என்றார். முதலாளியும் பக்கத்தில் நின்று தலையாட்டினார். எழுபது வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கினேன். செய்ரியு என்ற பெயரில் இன்று விற்பதில் பெரும்பகுதி சீனாவிலிருந்து வரும் சுண்ணாம்புக் கல். கல் விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது.

கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கலந்ததும் கார்பானிக் அமிலம் உண்டாகிறது. சுண்ணாம்புக் குகைகளைக் குடைந்தது இதே அமிலம்தான். அது கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த கால்சியம் ஜிஎச்சை (தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மை) ஏற்றும், பைகார்பனேட் கேஎச்சை (கார்பனேட் கடினத்தன்மை) ஏற்றும். சோயில் கேஎச்சை இழுத்துக்கொண்டு பிஎச்சை (அமிலத்தன்மையின் அளவு) 6 பக்கம் பிடித்து வைக்கப் பார்க்கும். ஆனால் கல் விடாமல் ஊட்டிக்கொண்டே இருந்தால் சோயிலின் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். கிரிஸ்டல் ரெட்டுக்கு கேஎச் 0 முதல் 1, ஜிஎச் 4 முதல் 6 வரை இருப்பது நல்லது. என் தொட்டியில் கேஎச் 6, டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) 300க்கு மேல்.

இறால்கள் சட்டை உரிக்க முடியாமல் செத்தன. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம், பழைய ஓடு பாதி பிளந்து நிற்கிறது, உள்ளே புது உடம்பு மாட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் போட்டு, பார்த்துப் பார்த்து வளர்த்த உயிர்கள். மனசு ஆறவில்லை.

கடையில் போய்க் கேட்டால், "குளோரமின் எடுக்காம தண்ணி மாத்தியிருப்பீங்கண்ணே" என்கிறார்கள். குளோரமின் என்பது குழாய்த் தண்ணீரில் கலக்கும் கிருமிநாசினி. நான் ஊற்றுவது ஆர்ஓ கருவியில் வடிகட்டிய தண்ணீரில் இறால் உப்பு கலந்தது. அதில் குளோரமின் பெரிதாக மிஞ்சியிருக்காது. கல்லைக் கொண்டுபோய் அவர்கள் முன்னாலேயே அமிலம் ஒரு சொட்டு விட்டேன். வெள்ளை வரி நெடுகச் சுர்ரென்று நுரைத்தது. அப்போதும் ரசீதில் இருந்த "பணம் திருப்பித் தரப்படாது" என்ற வரியைத்தான் காட்டினார்கள்.

அந்த வரியால் நம் உரிமை போய்விடாது. 2012 செப்டம்பர் முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள, குறைபாடுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டப்படி, சொன்னதற்கு மாறான பொருளைக் கொடுத்தால் மாற்றித் தரவோ விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். மசியவில்லை என்றால் சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல் இருக்கிறது. 5,000 வெள்ளிக்குள் என்றால் பயனீட்டாளருக்குக் கட்டணம் 10 வெள்ளிதான். நான் அங்கே போகிறேன்.

சமையல் வினிகரை மட்டும் நம்பிச் சோதிக்காதீர்கள். அது பலம் குறைந்தது, சில கல்லில் நுரையே தெரியாது. கல்லைக் கொஞ்சம் சுரண்டி, அந்தப் பொடிமேல் விட்டால் ஓரளவு தெரியும். இன்னும் நல்ல வழி, ஒரு துண்டை ஆர்ஓ தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டு, முன்னும் பின்னும் டிடிஎஸ்ஸும் கேஎச்சும் அளப்பது. ஏறினால் அது இந்தத் தொட்டிக்கு வேண்டாம். டிராகன் கல், எரிமலைக் கல் போடுங்கள்.

கல்மேல் எனக்குக் கோபமில்லை. மலாவி, தங்கனிக்கா சிக்லிட் மீன்களுக்கும், கப்பி, மோலிக்கும் இதே கல் நன்றாக ஒத்துப்போகும். அதைச் சொல்லி விற்கலாமே? உயிர் வளர்க்கிறவனிடம் பொய் சொல்லி விற்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இனி கல் வாங்கும்போது, "சுண்ணாம்பு இல்லை" என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் கல்லை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.