வீ ரைட் ஃபிளாண்டர்ஸ்: மேட்டை விடக் கூட்டம்தான் கஷ்டம்

டூர் ஆஃப் ஃபிளாண்டர்ஸ் சைக்கிள் பந்தயத்தைத் தொழில்முறை வீரர்கள் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின நாள் அதே மேடுகளில் நம்மைப் போன்றவர்களை ஏறவிடும் சவாரிதான் வீ ரைட் ஃபிளாண்டர்ஸ். பெல்ஜியத்தின் அவுதெனார்த ஊர்தான் மையம். ஏறக்குறைய 16,000 பேர் வருவார்கள். இந்தச் சவாரியின் உற்சாகம், தொல்லை இரண்டுக்கும் காரணம் அந்த எண்ணிக்கைதான்.

சுமார் 75 கி.மீ. முதல் 230 கி.மீ.க்கு மேல் வரை பல தூரங்கள் உண்டு. வழி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் மாறும். மிக நீண்டதை எடுத்தால் முதல் 100 கி.மீ. பெரும்பாலும் சமதளம். எதிர்க்காற்றும் சேர்ந்தால் மேடு வருமுன்பே கால் ஓய்ந்துவிடும். பேர்பெற்ற ஏற்றங்கள் எல்லாம் அவுதெனார்தவைச் சுற்றியே நெருக்கமாக இருக்கின்றன. அதனால் 140 கி.மீ.யை ஒட்டிய நடுத்தூரம்தான் எங்கள் சிபாரிசு. பெருமைக்காக நீளத்தை எடுப்பவர்களைத் தடுக்க முடியாது.

கோப்பென்பெர்க் 600 மீட்டர்தான். ஆனால் சராசரிச் சரிவு 11.6%, உச்சம் 22%, அதுவும் கல் பாவிய குறுகலான பாதை. முன்னால் ஒருவர் காலை ஊன்றினால் பின்னால் வரும் எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதுதான். அந்தச் சரிவில் மறுபடி ஏறி மிதிப்பது நடக்காத காரியம். தப்பிக்க ஒரே வழி, அதிகாலையிலேயே கிளம்பிக் கூட்டத்துக்கு முன்னால் போய்விடுவது. கியரை ஏற்றம் தொடங்குமுன் குறைத்துவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு முன் செயின்ரிங்கை (பெடலோடு சுழலும் பல்சக்கரம்) மாற்றினால் செயின் கழன்றுவிடலாம். 34 பல் செயின்ரிங், பின்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் என்பது ஆடம்பரமல்ல, தேவை. சீட்டை விட்டு எழுந்தால் பின்சக்கரத்தின் மேல் எடை குறைந்து வழுக்கும். உட்கார்ந்தபடியே, உடலை மட்டும் முன்னால் சாய்த்து, பாதையின் நடுமுதுகில் ஏறுங்கள். ஓரங்களில் சேறும் கல் இடுக்கும் அதிகம். மழை பெய்திருந்தால் நல்ல கியரும் பாதிதான் கைகொடுக்கும்.

அவுதே குவாரெமோன்ட் வேறு ரகம். 2.2 கி.மீ., சராசரி 4%தான். கடினமான பகுதி கிராமத்துக்கு முன்பே முடிந்துவிடும், ஆனால் கல் முடியாது. மேலே கிட்டத்தட்ட சமதளமாகத் தெரியும் அந்த நீட்சியில் வேகத்தை விட்டவர்களுக்கு ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக உறைக்கும். பெரிய கியரில், கைப்பிடியை இறுக்காமல், முழங்கையை லேசாக மடித்துக்கொண்டு உருட்டுங்கள். அதன்பின் பாட்டர்பெர்க்: 360 மீட்டர், சராசரி 12.9%. இறக்கத்தில் வந்து சட்டென்று வலப்பக்கம் திரும்பினால் எதிரே சுவர் போல நிற்கும். திருப்பத்துக்கு முன்பே கியரைக் குறைக்காதவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

டயர் விஷயத்தில் 25 மி.மீ. அகலத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 28 குறைந்தபட்சம், ஃபிரேமில் இடமிருந்தால் 30 அல்லது 32. 75 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. ட்யூப் டயரில் முன்னால் 65, பின்னால் 70 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் வைத்துத் தொடங்கலாம், 32 மி.மீ. ட்யூப்லெஸ் என்றால் 50 போதும். காற்று கூடினால் சக்கரம் கல்லுக்குக் கல் துள்ளும். ரொம்பக் குறைந்தால் கல்லின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே ட்யூப் நசுங்கி இரட்டை ஓட்டை விழும்.

பஞ்சரை விட அதிகம் நடப்பது, குலுக்கலில் தண்ணீர் பாட்டில் பறப்பது. முதல் கல் பாதை முடிந்ததும் தரையில் உருளும் பாட்டில்களைப் பார்த்தால் புரியும். உங்கள் பாட்டிலாக இல்லாவிட்டாலும் அவற்றில் ஏறி விழுவது நீங்களாக இருக்கலாம். பிடி தளர்ந்த பாட்டில் கேஜை (பாட்டிலைச் செருகும் கூடு) மாற்றுங்கள், அதன் ஸ்க்ரூக்களை முந்தின இரவே முடுக்குங்கள். சீட்டுக்கு அடியில் தொங்கும் பையும் இதே கேஸ்தான். மாற்று ட்யூபைச் சட்டைப்பையில் வைப்பது மேல்.

ஒரு குறை: சாலைகள் போக்குவரத்துக்கு மூடப்படுவதில்லை. சிக்னலில் நிற்க வேண்டும், சைக்கிள் பாதை குறித்திருந்தால் அதில்தான் போக வேண்டும். நேரக் கணக்கோடு வருபவர்களுக்கு எரிச்சல் வரும். தொழில்முறை பந்தயத்தில் பாட்டர்பெர்க்கிலிருந்து முடிவுக்கோடு வரை சுமார் 13 கி.மீ. சமதளம், அந்த வழியில் காற்று எதிரே அடித்தால் தனியாகத் திணறாமல் ஏதாவதொரு குழுவின் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், முறை வந்தால் நீங்களும் முன்னால் போய்க் காற்றைத் தாங்கிக் குழுவை இழுங்கள்.