லாவெண்டர் பறந்த பிறகு எது நிற்கிறது? ஆண்களுக்கான ஆறு புட்டிகள், ஓர் அலசல்

லாவெண்டர் சென்ட் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்கும் ஆண்களில் பலர், அதே மூச்சில் "ஆனா பவுடர் வாசனை வரக் கூடாது" என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நம் வீடுகளில் லாவெண்டர் என்றால் யார்ட்லி டால்கம் பவுடர். அம்மாவும் அத்தையும் கல்யாணத்துக்குக் கிளம்பினால் அறை முழுக்க நிற்குமே, அந்த மணம். ஆனால் ஐரோப்பாவில் 1882 தொடங்கி இன்றுவரை ஆண்களுக்கென்று வந்த சென்ட்டுகளில் பெரும்பகுதி இந்தப் பூவின் தோளில் ஏறி வந்தவை. பழைய சலூன் வாசம், "ஷேவ் பண்ணிட்டு வந்த ஆள்" வாசம் என்று நம் மூக்கு அடையாளம் வைத்திருப்பதில் பாதி லாவெண்டர்தான்.

ஆறு புட்டிகளையும் எடை போடுவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். லாவெண்டர் தங்காது. அதன் மணத்துக்குக் காரணமான லினலூல், லினலைல் அசிடேட் இரண்டுமே சீக்கிரம் ஆவியாகிற சரக்கு. குளிர்தேசத்திலேயே அப்படி என்றால், சித்திரை வெயிலில் சென்னையிலோ மதுரையிலோ பைக்கில் போகிறவர் கழுத்தில் அது அரை மணி நேரம் தெளிவாக நின்றாலே பெரிது. அதற்குப் பிறகு நாள் முழுக்க உங்களோடு இருப்பது, லாவெண்டருக்கு அடியில் போட்டிருக்கும் வனிலாவோ, வைக்கோல் மணமுள்ள கூமரினோ, ஓக் மரத்துப் பாசியோ, கஸ்தூரியோதான். ஆகவே லாவெண்டர் சென்ட் தேர்ந்தெடுப்பது என்றால் இந்த அடிமணத்தைத் தேர்ந்தெடுப்பது. கடையில் காகிதப் பட்டையில் அடித்து முகர்ந்து பார்த்துவிட்டு உடனே காசு கொடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

பூவிலும் வகை உண்டு. பிரான்ஸின் ப்ரோவான்ஸ் மலைச்சரிவுகளில் உயரத்தில் விளையும் அசல் லாவெண்டரின் எண்ணெய் மென்மையானது, லேசாக இனிப்பானது. லாவண்டின் என்ற கலப்பினம் தாழ்வான நிலத்திலும் செழிக்கும், எண்ணெயும் அதிகம் தரும். அதனால் விலை குறைவு. ஆனால் அதில் கற்பூரம் கூடுதல். கோயிலிலும் தலைவலித் தைலத்திலும் கற்பூரத்தோடே வளர்ந்த நம் மூக்குக்கு இந்த வித்தியாசம் சட்டென்று தெரியும். மலிவான லாவெண்டர் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு போனால் "சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்பது இதனால்தான். ஜம்முவின் பதேர்வா மலைப்பகுதியில் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். உதவியோடு விவசாயிகள் இப்போது அசல் வகையையே பயிரிடுகிறார்கள். அந்த எண்ணெய் கிடைத்தால் கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு முகர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் புட்டியில் என்ன இருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும்.

முதல் மோதல் யார்ட்லி இங்கிலீஷ் லாவெண்டருக்கும் காரோன் பூர் அன் ஓம்முக்கும். யார்ட்லி 1770இல் தொடங்கியதாகச் சொல்லிக்கொள்ளும் லண்டன் நிறுவனம். இந்தியாவில் அந்தப் பெயர் 2009 முதல் விப்ரோ கையில். காரோன் பாரிஸ்காரர். எர்னெஸ்ட் டால்ட்ராஃப் 1934இல் ஆண்களுக்கென்றே செய்தது பூர் அன் ஓம். இரண்டிலும் லாவெண்டர்தான் கதாநாயகன். விலையில் மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

இடது மணிக்கட்டில் யார்ட்லி, வலதில் காரோன் என்று போட்டுக்கொண்டு ஒரு மத்தியானம் வெளியே நடந்து பாருங்கள். முதல் நிமிடத்தில் இரண்டும் அண்ணன் தம்பி. யார்ட்லியில் எலுமிச்சைச் சாயல் கொஞ்சம் தூக்கல், காரோனில் ரோஸ்மேரியின் இலைப்பச்சை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் யார்ட்லி மெல்ல சோப்பாகிறது. புதிதாகப் பிரித்த சோப்பின் உறைக்குள் வரும் அந்தச் சுத்தமான வாசம். பிறகு லேசான கஸ்தூரி. ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டை மூக்கோடு ஒட்டினால்தான் தெரியும். காரோன் அந்த நேரத்தில்தான் வேலையை ஆரம்பிக்கிறது. லாவெண்டரின் கூர்மை மழுங்க மழுங்க அடியிலிருந்து வனிலா எழுகிறது. ஐஸ்கிரீம் வனிலா என்று நினைத்துவிடக் கூடாது. உலர்ந்த, கொஞ்சம் புகையிலைப் பெட்டி போன்ற வனிலா. இரண்டும் சந்திக்கும் அந்த இடைவேளையில் மணம் குளிர்ச்சியாகவும் சூடாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறது. இந்த ஆறு புட்டிகளில் எனக்கு இணையில்லாத கணம் அதுதான். தொண்ணூறு வருடமாக இது விற்பனையில் நிற்கிறது என்றால் அந்த இடைவேளைக்காகத்தான்.

அப்படியானால் காரோனையே வாங்கிவிடலாமே என்றால், எப்போது போடப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வேர்த்து ஒழுகும் பகலில், நெரிசலான பஸ்ஸில் வனிலா கனக்கும். பக்கத்தில் நிற்பவருக்கும் திகட்டும். மாலை வரவேற்பு, ஏசி அறை, மார்கழி, ஊட்டி என்றால் அதற்கு நிகர் இல்லை. யார்ட்லி நேர் எதிர். காலையில் குளித்ததும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், மதியம் இன்னொரு முறை போடலாம், யாருக்கும் தொந்தரவில்லை. பவுடர் ஞாபகம் வருமே என்றால், வரும். மறைப்பதற்கில்லை. அதிலும் இந்தியக் கடைகளில் இதைப் பெரும்பாலும் பெண்கள் வரிசையில்தான் அடுக்கியிருப்பார்கள். அதைப் பொருட்படுத்தாதவருக்கு இந்தக் காசுக்கு இவ்வளவு நேர்மையான லாவெண்டர் வேறு இல்லை.

பவுடர் ஞாபகமே ஆகாது, ஆனால் எளிமையான லாவெண்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்பெயினின் ஆகுவா லாவண்டா பூய்க். பார்சிலோனாவின் பூய்க் குடும்பம் 1940இல் கொண்டுவந்தது. ஸ்பெயினில் பெரிய புட்டியில் வாங்கி, குளித்ததும் உடம்பெல்லாம் வாரி இறைத்துக்கொள்வார்கள். இனிப்பு குறைவு, மூலிகை வாசம் அதிகம். நெற்றியில் ஈரக் கைக்குட்டை வைக்க நம் வீடுகளில் ஓடிகோலன் வைத்திருப்பார்களே, அதன் உறவுக்காரர் என்று சொல்லலாம். நம் வெயிலுக்கு இந்தப் பட்டியலிலேயே அதிகம் பொருந்துவது இதுதான். தங்காது, தங்குவதற்காகச் செய்ததும் இல்லை. இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து யாராவது வந்தால் சொல்லி அனுப்புங்கள்.

அடுத்து சலூன் வாசக் குடும்பம். 1868இல் வில்லியம் பெர்கின் கூமரினை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். காய்ந்த வைக்கோலும் பாதாமும் கலந்த மாதிரி மணம் அதற்கு. 1882இல் ஹூபிகான் நிறுவனத்துக்காக பால் பார்கே, லாவெண்டரையும் கூமரினையும் ஓக் மரத்துப் பாசியையும் சேர்த்து ஃபூஜேர் ராயல் என்ற சென்ட்டைச் செய்தார். அதன் வழி வந்தவற்றுக்கெல்லாம் ஃபூஜேர் என்றே பெயர். பழைய சென்ட்டை நினைவு வைத்திருப்பவர்கள் "முன்ன மாதிரி இல்லை" என்று சொல்வது பிரமை அல்ல. ஓக் பாசியில் தோல் ஒவ்வாமை தரும் பொருள்கள் இருப்பதால் அதன் அளவுக்கு இப்போது கட்டுப்பாடு உண்டு. பாசியை நம்பி நின்ற பழைய கலவைகள் பலவற்றை மாற்றித்தான் விற்கிறார்கள்.

இந்தக் குடும்பத்தில் சாமானியன் கைக்கு எட்டுவது ப்ரூட். 1964இல் வந்தது, பச்சைப் புட்டி, கழுத்தில் வெள்ளி நிறச் சங்கிலி. வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பாக்களின் பெட்டியில் இதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். லாவெண்டரோடு சோம்புச் சாயலும் வனிலாவும் கஸ்தூரியும் சேர்ந்த கலவை. ஆஃப்டர்ஷேவாகவும் கிடைக்கும். முதன்முதலில் லாவெண்டர் பக்கம் வரும் இளைஞருக்கு நான் சொல்வது இதைத்தான். பிடிக்கவில்லை என்றாலும் பெரிய நஷ்டமில்லை; பிடித்துவிட்டால் எந்தத் திசையில் மேலே போக வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கி லரோஷின் டிராக்கர் நுவார் 1982இல் வந்தது. கலவையைச் செய்தவர் பியர் வார்னி. லாவெண்டரோடு டைஹைட்ரோமிர்சினால் என்ற செயற்கைப் பொருளைத் தாராளமாகப் போட்டிருப்பதால் ஒரு உலோகச் சுத்தம், சலவைத்தூள் போன்ற பளிச்சென்ற நெடி. வேர்வையை எதிர்த்து நிற்கும் வலு இதற்கு உண்டு. இரண்டு முறைக்கு மேல் அடித்தால் நீங்கள் வருவதற்கு முன்பே அது அறைக்குள் வந்துவிடும். ஜான் பால் கோத்தியேவின் லெ மால், 1995, ஃப்ரான்சிஸ் குர்க்ஜான் செய்தது. ஆண் உடல் வடிவப் புட்டி, தகரடப்பா. புதினா, லாவெண்டர், ஏகப்பட்ட வனிலா. காரோன் அடக்கமாகச் சொன்னதையே இது உரக்கச் சொல்கிறது. நம் ஊர்ப் பகலுக்கு வேண்டவே வேண்டாம். இரண்டுக்குமே போலிகள் அதிகம். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைப்பதைத் தோலில் பூசிக்கொள்ளாதீர்கள்.

கொலோனா, ஆஃப்டர்ஷேவா என்பது தனிக் கேள்வி. ஆஃப்டர்ஷேவில் மணச்சரக்கு பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு, கொலோனில் இரண்டு முதல் ஐந்து, ஈ.டி.டி. (ஓ டி டாய்லெட்) என்று போட்டிருந்தால் ஐந்துக்கு மேல். ஆகவே ஆஃப்டர்ஷேவை வாசனைக்காக வாங்கினால் ஏமாற்றம்தான். ஷேவ் செய்த முகத்தில் அதன் ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், சுரீர் என்று எரியும். லாவெண்டர் தோலுக்கு இதம் என்று லேபிளில் போட்டிருப்பதை வைத்து வாங்க வேண்டாம். அவ்வளவு ஆல்கஹாலுக்கு நடுவில் ஒன்றிரண்டு பங்கு மணச்சரக்கிடம் இதத்தை எதிர்பார்க்க முடியாது. வெட்டுக்காயத்தில் ரத்தம் நிற்கத்தான் வேண்டும் என்றால் சலூன்காரர் தேய்த்துவிடும் படிகாரக் கல் போதும். வறண்ட தோல், பரு உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லாத ஆஃப்டர்ஷேவ் பாம் (களிம்பு) வாங்கிக்கொண்டு, சென்ட்டைச் சட்டைக்கு அடிக்கலாம்.

சட்டைக்கு அடிப்பது லாவெண்டருக்கு நல்லதும்கூட. பருத்தித் துணியில் தோலைவிட அதிக நேரம் நிற்கும். வெள்ளை வேட்டி சட்டையில் மட்டும் காரோன், லெ மால் வேண்டாம். வனிலாவின் மணப்பொருளான வனிலின் உள்ள சென்ட் நாள்படத் துணியில் மஞ்சள் கறை விடக்கூடும். அங்கே யார்ட்லியோ பூய்க்கோ போதும்.

எனக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொள் என்றால் காரோன், தயக்கமே இல்லை. இரண்டு வைத்துக்கொள்ள முடிந்தவர் பகலுக்குப் பூய்க் (கிடைக்காவிட்டால் யார்ட்லி), ராத்திரிக்குக் காரோன். மாப்பிள்ளைக்கோ மச்சானுக்கோ பரிசு என்றால், அவர் ஏற்கெனவே என்ன போடுகிறார் என்று தெரியாதபோது லெ மால் பக்கம் போகாதீர்கள்.

எதை வாங்கினாலும் சின்னப் புட்டியாக வாங்குங்கள். லினலூல் காற்றுப் பட்டுக்கொண்டே இருந்தால் ஆக்சிஜனோடு சேர்ந்து மாறிவிடும்; தோலில் அரிப்பும் தடிப்பும் தருவது அப்படி மாறிய பொருள்தான். பாதி காலியான புட்டியைக் குளியலறை ஜன்னலில் வருடக்கணக்கில் வைத்திருந்து போட்டுக்கொள்வது இந்த வம்பை விலைக்கு வாங்குவது. பீரோவுக்குள், இருட்டில், மூடியை இறுக்கி வையுங்கள். திறந்ததும் லாவெண்டருக்குப் பதில் டர்பன்டைன் மாதிரி அடித்தால் அன்றைக்கே கொட்டிவிடுங்கள்.