இரட்டை நியூட்ரான் விண்மீன்கள்: அடியடியாகவா, சராசரியாகவா?

மாணவர் ஒருவரின் செய்திட்டத்துக்காகச் சென்ற கோடையில், கும்பகோணத்து வீட்டில், என் பழைய மடிக்கணினியில் ஹல்ஸ்–டெய்லர் இணையின் பாதையைக் கணக்கிட்டு ஓடவிட்டேன். ஒன்றையொன்று சுற்றிவரும் இரண்டு நியூட்ரான் விண்மீன்கள், அதாவது வெடித்த பெருவிண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள். 1974இல் அரெசிபோ தொலைநோக்கியில் சிக்கிய இணை அது; 7 மணி 45 நிமிடத்துக்கு ஒரு சுற்று.

வழிகள் இரண்டு. நியூட்டன் விசையோடு பொதுச் சார்பியல் திருத்தங்களைச் சேர்த்து, ரங்கே–குட்டா என்ற எண்கணிப்பு முறையில், சிறுசிறு நேர அடிகளாக விண்மீன்களை நகர்த்தலாம். அல்லது 1964இல் இயற்பியலாளர் பீட்டர்ஸ் தந்த சமன்பாடுகளை எடுக்கலாம். விண்மீன் எங்கே நிற்கிறது என்ற கவலை அவற்றுக்கு இல்லை. பாதையின் அளவும் நீள்வட்டத் தன்மையும் சராசரியாக எவ்வளவு குறைகின்றன என்பதை மட்டும் சொல்லும். நான் பீட்டர்ஸ் கட்சி.

விண்மீன்கள் மிக நெருங்கும் அண்மைப்புள்ளி ஆண்டுக்கு 4.2 பாகை நகர்வது அடியடி முறையில் தானாக வந்துவிடும்; பீட்டர்ஸில் தனியே சேர்க்க வேண்டும். படமும் அழகாக விழும். அவ்வளவுதான் அடியடி முறையின் பெருமை.

எந்த வழி என்று எனக்குத் தீர்மானித்துக் கொடுத்தது கணக்கீட்டுப் பிழைதான். ஆற்றலைச் சுமந்து செல்லும் ஈர்ப்பலைகளால் இந்தப் பாதை ஆண்டுக்கு மூன்றரை மீட்டர் சுருங்குகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,130 சுற்றுகள், ஆக சுற்றுக்கு 3 மில்லிமீட்டர். அரைப்பேரச்சோ, அதாவது நீள்வட்டத்தின் நீண்ட விட்டத்தில் பாதியோ, ஏறத்தாழ 19.5 லட்சம் கிலோமீட்டர்! சுற்றுக்கு 500 அடிகள் வைத்து ஓட்டினேன். பாதை சுருங்கியது, மகிழ்ந்தேன். சந்தேகம் வந்து ஈர்ப்பலை உறுப்பை நீக்கிவிட்டு ஓட்டினேன். அப்போதும் சுருங்கியது; முறையின் சொந்தப் பிழைதான் அது. கரை கசிகிற வாய்க்காலின் கடைமடையில் நின்றுகொண்டு, பயிர் எவ்வளவு நீர் குடித்தது என்று கணக்குப் போட்டது போலாயிற்று.

அடிகளைக் கூட்டினால் கசிவு அடைபடும், உண்மை. ஆனால் இந்த விண்மீன்கள் மோதி ஒன்றாக 30 கோடி ஆண்டுகள் ஆகும். முப்பதாயிரம் கோடிக்கும் மேற்பட்ட சுற்றுகள். எங்கள் தெருவில் மின்சாரம் ஒரு பிற்பகல் நிலைத்தாலே அதிசயம். பீட்டர்ஸ் சில நொடிகளில் முடித்துவிடுகிறார்.

அடியடியாகவே நகர்த்தினாலும் ஆற்றல் பிழையைக் கட்டுக்குள் வைக்கும் சிம்ப்ளெக்டிக் என்ற முறைகளை ஒரு மாலைதான் தொட்டேன். திருத்த விசை வேகத்தையும் சார்ந்திருப்பதால் எளிய வடிவம் அப்படியே பொருந்தவில்லை. குறைசொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

இறுதிக் கணங்களில், 2017 ஆகஸ்ட் 17இல் ஈர்ப்பலைகளாகப் பதிவான நியூட்ரான் விண்மீன் மோதல் போன்றவற்றில், சராசரி எடுபடாது. விண்மீன்களே உருக்குலையும், ஐன்ஸ்டைன் சமன்பாடுகளைப் பெருங்கணினியில் நேரடியாகத் தீர்க்க வேண்டும். அது நம் கைக்கு எட்டாத வேலை.

மாணவர் பீட்டர்ஸ் கணக்கையே சமர்ப்பித்தார். முகப்புப் படத்துக்காக மட்டும் பத்துச் சுற்றுகளை அடியடியாக ஓட்டிச் சேர்த்தோம்.