ஷோரூமில் கேட்ட ஒலி வீட்டுக்கு வராது

ஒரு ஜோடி ஸ்பீக்கர் 3,20,000 ரூபாய். அதற்கு மூன்று மீட்டர் கேபிள் 38,000 ரூபாய். சென்ற ஆண்டு சென்னையில் பெயர்பெற்ற ஓர் ஆடியோ ஷோரூமில் வாங்கினேன். புதியது என்று சொல்லி, கடையில் ஓடிக்கொண்டிருந்த டெமோ ஜோடியை என் தலையில் கட்டிவிட்டார்கள். விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரையும் ஸ்பீக்கரின் பெயரையும் எழுதப்போவதில்லை. விற்பனை நடந்த விதத்தை மட்டும் சொல்கிறேன். விலை உயர்ந்த ஆடியோவுக்காகப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்கள் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேட்டுப் பார்க்க என்றே அங்கே தனி அறை இருக்கிறது. தரையில் தடித்த கம்பளம், சுவரெங்கும் துணி போர்த்திய பலகைகள், நடுவில் ஒரே ஒரு சோபா. முதலில் 60,000 ரூபாய் ஸ்பீக்கரில் ஒரு கர்நாடகக் கச்சேரியைப் போட்டார் விற்பனையாளர். பிறகு, "சார், இப்போது கேளுங்கள்" என்று அதே பதிவை மூன்று லட்ச ரூபாய் ஸ்பீக்கரில் போட்டார். பாடகரின் குரல் இரண்டடி முன்னால் வந்து நின்றது. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்காரம் நெஞ்சில் தட்டியது. யாராக இருந்தாலும் மயங்கத்தான் செய்வார்கள். அந்த அறையைக் கட்டியதே அதற்காகத்தான்.

தம்பிக்கு அனுப்புவதற்காக அதைக் கைபேசியில் வீடியோ எடுத்திருந்தேன். பல வாரங்கள் கழித்து, ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் நிறுத்தினார். ஆம்ப்ளிஃபயரின் திரையில் முதல் ஸ்பீக்கருக்கு ஒலி அளவு −35 என்று இருந்தது. இரண்டாவதற்கு −32. இடையே விற்பனையாளரின் கட்டைவிரல் ரிமோட்டில் மூன்று முறை அழுந்துவது அப்படியே பதிவாகியிருந்தது. மூன்று டெசிபல் கூடுதல். போதாததற்கு, விலை உயர்ந்த ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியும், அதாவது அதே மின்சக்திக்கு எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்ற அளவும், இரண்டு டெசிபல் அதிகம் என்று அதன் விவரத்தாளிலேயே போட்டிருக்கிறது.

சத்தம் சற்றே கூடினால் காது அதைச் சத்தம் என்று உணர்வதில்லை. தெளிவு என்று உணர்கிறது. ஒலி குறையக் குறைய மனிதக் காதுக்கு முதலில் மங்குவது அடித்தொனிதான் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே மூன்று டெசிபல் ஏற்றினால் தொப்பியின் கும்காரம் தானாகவே பெருகும். அதற்கு மூன்று லட்சம் ரூபாய் தேவையில்லை, கட்டைவிரல் போதும். ஒப்பிட்டுக் கேட்பதாக இருந்தால் இரண்டும் கேட்கும் இடத்தில் ஒரே அளவு ஒலிக்கிறதா என்று அளந்த பிறகுதான் கேட்க வேண்டும். கைபேசியிலுள்ள டெசிபல் செயலி துல்லியமானது அல்ல என்றாலும், வித்தியாசம் பார்க்க அது போதும். அளக்க வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

கண்ணும் ஏமாற்றும். ஆடியோ சாதனங்கள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் பணியாற்றிய ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் 1994இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு மதிப்பெண் போட்டவர்களே, திரைக்குப் பின்னால் வைத்து ஒலிக்கவிட்டபோது வேறு விதமாகப் போட்டார்கள். ஹெட்போனும் விதிவிலக்கல்ல. 2017இல் யெரோன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை விலையோடு பொருத்திப் பார்த்தார். விலைக்கும் அதிர்வெண் சீர்மைக்கும், அதாவது அடித்தொனி முதல் உயர்தொனி வரை எவ்வளவு சீராக ஒலிக்கிறது என்பதற்கும், தொடர்பே தென்படவில்லை.

கேபிள் கதைக்கு வருகிறேன். "வெள்ளி பூசியது சார், உயர்தொனி திறந்துகொள்ளும்" என்றார்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 7.4 ஓம். போக மூன்று, வர மூன்று என்று ஆறு மீட்டருக்கு 0.044 ஓம். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அதனால் ஏற்படும் இழப்பு ஒரு டெசிபலில் இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்தக் கம்பி மின்சாதனக் கடையில் மீட்டர் நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. 38,000 ரூபாய்க்கு வந்தது வெல்வெட் பை ஒன்றுதான்.

வீட்டில் மாட்டிய முதல் நாளே கும்மென்று ஒரே இரைச்சல். என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி; கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. இந்த அளவுள்ள அறையில் 47, 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கும். எந்த ஸ்பீக்கர் வைத்தாலும் தேங்கும். கடையில் கேட்டதற்கு வந்த பதில்: "இது புது ஸ்பீக்கர் சார். 200 மணி நேரம் ஓடினால்தான் பர்ன் இன் ஆகும். காதும் பழகட்டும்." புது ஸ்பீக்கர் ஓடி ஓடிப் பதமாவதைத்தான் பர்ன் இன் என்கிறார்கள். தினமும் மாலையில் இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு 200 மணி நேரம் என்பது நூறு நாள். பில்லில் திருப்பித் தருவதற்கான கெடு ஏழு நாள். இந்தக் கணக்கு தற்செயலானது என்று நான் நம்பவில்லை. கூம்பைத் தாங்கும் ரப்பர் விளிம்பும் சஸ்பென்ஷனும் தொடக்கத்தில் கொஞ்சம் இளகுவது உண்மைதான்; அதற்கு நூறு நாள் ஆகாது. கெடு முடிந்த பிறகு போனால் பேச்சு மாறிவிடும்: "உங்கள் ஆம்ப்ளிஃபயர் இதற்குப் போதாது சார்." நான்கு லட்ச ரூபாய் ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார்கள்.

இடது ஸ்பீக்கரில் மெல்லிய கரகரப்பு வரத் தொடங்கியதும் நண்பர் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பின்பக்கத்து முனைகளில், பல முறை கம்பியை முறுக்கி இறுக்கியதற்கான வட்ட வட்டக் கீறல்கள். அடிப்பலகையில் ஸ்டாண்டின் முள் பதிந்த நான்கு குழிகள். என் வீட்டு ஸ்டாண்டுக்கு முள்ளே கிடையாது. பெட்டியிலிருந்த சீரியல் நம்பர் ஒன்று, ஸ்பீக்கரின் முதுகிலிருந்த தகட்டில் வேறொன்று. இறக்குமதி மாதமும் விலையும் அச்சிட்ட ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினால் அதனடியில் இன்னொரு ஸ்டிக்கர். அதிலிருந்த தேதி இரண்டு ஆண்டு பழையது.

இறக்குமதியாளருக்குத் தகட்டின் எண்ணை எழுதி மின்னஞ்சல் அனுப்பினேன். அது டெமோவுக்காக அந்தக் கடைக்குக் கொடுக்கப்பட்ட ஜோடி என்றும், வாரண்டி அப்போதே தொடங்கி முடிந்துவிட்டது என்றும் பதில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மேலாளர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்: "ஓடிப் பழகிய ஸ்பீக்கர்தானே சார் நன்றாக ஒலிக்கும்? உங்களுக்கு பர்ன் இன் வேலை மிச்சம்." அப்படியானால் என்னை எதற்கு 200 மணி நேரம் ஓட்டச் சொன்னார்கள் என்று கேட்டேன். தேநீர் வரவழைத்தார்.

விலை உயர்ந்தது எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. உறுதியான பெட்டி, டிரைவர் எனப்படும் ஒலியெழுப்பும் கூம்புப் பகுதி பெரிதாக இருப்பது, அதிக ஒலியிலும் திரிபு இல்லாமை, இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுபோல இருப்பது ஆகியவற்றுக்குக் காசு செலவாகத்தான் செய்யும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் கொடுப்பதெல்லாம் மரவேலைப்பாட்டுக்கும் பெயருக்கும் போகிறது. 1997இல் வந்த சென்ஹைசர் எச்டி 600 ஹெட்போன் இன்றும் விற்பனையில் இருக்கிறது. காதுறை, கேபிள் எல்லாம் தனியாக வாங்கி மாற்றலாம். அந்த மாதிரிப் பொருளுக்குப் பணம் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. என் அறையின் கும்மலும், ஸ்பீக்கரை மூலையிலிருந்து நகர்த்தி, கனத்த திரைச்சீலை போட்டு, பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரோரம் நிறுத்தியதில்தான் பாதிக்கு மேல் அடங்கியது.

பணம் கட்டுமுன் பெட்டியின் ஸ்டிக்கரையும் ஸ்பீக்கரின் தகட்டையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். சீரியல் நம்பரை பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த எண்ணுக்கு வாரண்டி எப்போது தொடங்குகிறது என்று இறக்குமதியாளரிடமே கேளுங்கள். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது; வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும்.

கடை முதலில் கிரெடிட் நோட் தருவதாகச் சொன்னது. அதே கடையில் அதே தொகைக்கு வேறு எதையாவது வாங்கிக்கொள்ள வேண்டுமாம். மறுத்துவிட்டேன். பதில் மனு போட இப்போது அவகாசம் கேட்டிருக்கிறார்கள். கேபிளுக்கு மட்டும் பணத்தைத் திருப்பித் தருவதாகத் தூது வந்திருக்கிறது. ஸ்பீக்கரை விட்டுவிட்டு அதை மட்டும் வாங்கிக்கொள்ளும் உத்தேசம் எனக்கு இல்லை.