படுத்த படுக்கையானாலும் வைத்திருப்பார்களா? திருகோணமலையில் ஒரு முதியோர் இல்லம்

என் பெரியம்மாவுக்கு வயது 81. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது, இனி அவரைத் தனியே விட முடியாது என்பது எல்லோருக்கும் தெளிவாகிவிட்டது. பிள்ளைகள் இருவரும் கனடாவில் இருக்கிறார்கள். உவர்மலையில் வசிக்கும் நானும் அறுபத்தைந்தைத் தாண்டியவள். ஓர் ஆளைத் தூக்கி உட்காரவைக்கும் வலு எனக்கில்லை. ஆகவே மூன்று இல்லங்களைப் போய்ப் பார்த்து, மூன்றாவதில் அவரைச் சேர்த்தோம். எட்டு மாதமாக அங்கே இருக்கிறார். குறைகளையும் சொல்லப்போவதால் எந்த இல்லத்தின் பெயரையும் நான் எழுதவில்லை.

முதலில் பார்த்தது உப்புவெளிப் பக்கம், கடலைப் பார்த்த கட்டடம். முற்றமும் மரநிழலும் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் அனுமதிப் படிவத்தின் நான்காம் வரியில், சேர்பவர் தம் தேவைகளைத் தாமே கவனிக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்று இருந்தது. பிற்பாடு படுக்கையில் விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உறவினர் வந்து அழைத்துப்போக வேண்டும் என்றார்கள். அழைத்துப்போக ஆளிருந்தால் நாங்கள் ஏன் இங்கே வருகிறோம்? நடமாடுகிறவர்களை மட்டும் ஏற்கும் இல்லங்கள் பல உண்டு; அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதைப் படிவத்தின் நடுவில் ஒளித்துவைக்காமல் முதல் நாளே வாயால் சொல்லிவிடலாம். அதோடு, 2004 டிசம்பர் 26 சுனாமியைக் கண்ட ஊர்க்காரிக்கு, எழுந்து நடக்க முடியாதவர்களைக் கடலோரம் கிடத்துவது மனதுக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது இல்லத்தில் படுக்கையாளர்களுக்கென்று தனி அறை இருந்தது. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும், நோயாளியை எத்தனை மணிக்குப் புரட்டிப் படுக்கவைத்தார்கள் என்று குறிக்கும் தாள் தொங்கியது. அசையாமல் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றாவிட்டால், குதிகாலிலும் முதுகின் அடிப்பகுதியிலும் இரத்தவோட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் வரும் என்பதால் நான் அந்தத் தாளைத்தான் முதலில் பார்த்தேன். நேரம் அப்போது பிற்பகல் இரண்டரை. தாளில் நான்கு மணிக்கும் கையெழுத்து விழுந்திருந்தது. அதற்குமேல் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மூன்றாவது, அனுராதபுரச் சந்தியைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒருமாடிக் கட்டடம். காலையில் ஒரு முறை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறை, சொல்லாமல் இரவு எட்டு மணிக்கு ஒரு முறை என்று மூன்று தடவை போனேன். இரவில் போனதுதான் பயன் தந்தது. கழிவறை மணமும், அழைப்புமணி அடித்தால் எத்தனை நிமிடத்தில் ஆள் வருகிறார் என்பதும் பகலில் தெரியவருவதில்லை. பகலில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். வாரம் ஒரு முறை வைத்தியர் வருகிறார். பணிப்பெண்களில் தமிழ் பேசுபவர்களும் சிங்களம் பேசுபவர்களும் உண்டு. இரவு முறையில் தமிழ் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்; மறதி கூடக்கூட, பின்னாளில் கற்ற மொழி பலருக்கு முதலில் போய்விடுகிறது, நடுச்சாமத்தில் வலியைச் சொல்வதற்குத் தாய்மொழிதான் மிஞ்சுகிறது.

சாப்பாடு நன்று. குரக்கன் புட்டும் சொதியும் பெரியம்மாவுக்குப் பிடித்த பதத்தில் வருகின்றன. பல்லில்லாதவர்களுக்குக் குழைத்துத் தருகிறார்கள். ஆனால் இரவுச் சாப்பாட்டை ஐந்தரைக்கே முடித்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிவரை எதுவும் கொடுக்காமலிருந்தார்கள். இன்சுலின் ஏற்றும் ஒருவருக்குப் பதின்மூன்றரை மணிநேர வெறும் வயிறு ஆபத்தானது. நான் சண்டை பிடித்த பிறகு ஒன்பது மணிக்குப் பாலும் கிறீம் கிறேக்கரும் வருகின்றன. கச்சான் என்னும் சூடான மேல்காற்று வீசும் மாதங்களில் மேற்குப் பக்க அறைகள் அடுப்பாகிவிடும் என்பதால், கிழக்குப் பக்க அறையைக் கேட்டு வாங்கினோம்.

பணத்தைப் பொறுத்தவரை, மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. மருந்து, பம்பர்ஸ், கிளினிக்குக்குப் போய்வரும் ஓட்டோ எல்லாம் வேறு. இவற்றைவிடப் பெரியது, யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவொன்று: 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வந்து ஏற்றிப்போகும், ஆனால் ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளியோடு நிற்க ஆள் வேண்டும். அந்த ஆளை இல்லம் தராது. நாள் கூலிக்கு நாமே பிடிக்க வேண்டும். பெரியம்மா சளிக்காய்ச்சலோடு ஆறு நாள் வாட்டில் கிடந்தபோது, அந்தக் கூலியும் சாப்பாடும் சேர்ந்து மாதக் கட்டணத்தில் கால்வாசியைத் தாண்டின. வைப்புப்பணம் எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், இறந்துவிட்டால் உடலை யார் பொறுப்பேற்பது ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய இல்லங்களின் பதிவு குறித்தும் சொல்கிறது. அச்சட்டத்தின்படி 60 வயதை எட்டியவர் முதியவர். பதிவுச் சான்றிதழை நேரில் காட்டும்படி கேளுங்கள். சந்தேகமிருந்தால், பிரதேச செயலகத்தில் முதியோர் விடயத்தைக் கவனிக்கும் உத்தியோகத்தரை விசாரிக்கலாம். நான் கேட்டபோது இந்த மூன்றாவது இல்லத்தில் முகம் சுளிக்காமல் சான்றிதழை எடுத்துக் காட்டினார்கள்.

படுக்கையில் விழுந்தாலும் கடைசிவரை வைத்துப் பார்ப்போம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தந்தது இந்த ஓர் இல்லம்தான்; நாங்கள் தெரிவுசெய்ததற்குக் காரணமும் அதுவே. எனினும் பதினொரு படுக்கையாளர்களுக்கு இரவில் ஒரே ஒரு பணிப்பெண் இருக்கிறார். ஒருவரால் எல்லோரையும் இரண்டு மணிக்கொரு முறை புரட்ட முடியுமா என்பதைக் கணக்குப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது ஆளைப் போடும்படி மூன்று குடும்பங்கள் சேர்ந்து கடிதம் கொடுத்து மூன்று வாரமாகிறது. பதில் வரும்வரை, ஒவ்வொரு சந்திப்பின்போதும் நான் பெரியம்மாவின் போர்வையை விலக்கிக் குதிகாலைப் பார்த்துவிட்டுத்தான் கதிரையில் உட்காருகிறேன்.