அரை நாள் தமிழ் வழிகாட்டி: சிங்காதனம் வரை பிரமாதம், அப்புறம் கல் கடை

திருச்சியிலிருந்து மச்சான் ரங்கூனுக்கு வந்திருந்தார். சோழர் கல்வெட்டு என்றால் சோறு தண்ணி மறந்துவிடுகிற மனிதர். பியே சாலை தேசிய அருங்காட்சியகத்தை நானே சுற்றிக் காட்டினால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவோம் என்று, தமிழ் பேசும் வழிகாட்டி ஒருவரை அரை நாளுக்கு அமர்த்தினேன். பெயர் வேண்டாம், பையன் பிழைத்துப் போகட்டும்.

வந்ததே முக்கால் மணி நேரம் தாமதம். "லைன்கார் கிடைக்கல ஐயா" என்றார் (இங்கே டவுன் பஸ்ஸுக்கு அந்தப் பெயர்). சரி, போகட்டும்.

சிங்காதனத்தின் முன் நின்றதும் ஆளே மாறிவிட்டார். பர்மா ராஜாக்களின் மாண்டலே அரண்மனை ஆசனங்களில் மிஞ்சியது இது ஒன்றுதான். மற்றவை 1945 மார்ச்சில் அரண்மனையோடு எரிந்தன. இதை ஆங்கிலேயர் முன்பே கல்கத்தாவுக்குக் கொண்டுபோயிருந்ததால் தப்பியது, 1948இல் திரும்பி வந்தது. அதுவரை எனக்கும் தெரியும். "இது மந்திரிங்க கூடுற லுத்தோ மண்டபத்துல இருந்த ஆசனம் ஐயா" என்றாரே, அது தெரியாது. (பாராளுமன்றத்துக்கு இன்றும் அதே பெயர்தான்.)

அங்கேயே நின்று நாற்பது நிமிடம் பேசினார். லுத்தோவில் வுன்ஜீக்கள் என்ற பெரிய மந்திரிகள், அரண்மனைக்குள் தனியாக அத்வின்வுன் என்ற உள்மந்திரிகள். ராஜாவின் ஆணையே ஆனாலும் லுத்தோவில் பதிவாக வேண்டும் என்பது முறை. சபையில் நடப்பதைக் கேட்டு ராஜாவிடம் சொல்ல நாகான்தோ என்று ஓர் அதிகாரி. அதாவது ராஜாவின் காது.

மச்சான் துள்ளிவிட்டார். "நம்ம சோழர்கிட்ட தலைகீழ், மாப்பிள்ளை! அங்க ராஜாவோட வாய்க்குத்தான் ஆள்!" மன்னர் வாயால் சொன்னதைக் கேட்டுக்கொள்பவர் திருவாய்க்கேள்வி. எழுதுபவர் திருமந்திர ஓலை. அதைச் சரிபார்க்க ஓலை நாயகம். பிறகு புரவுவரித் திணைக்களத்தார், அதாவது வரி இலாகாக்காரர்கள், கணக்கில் ஏற்ற வேண்டும். முப்பத்திரண்டு வருடம் கப்பல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது கதையே இல்லை, தினசரி வேலை.

பையனும் விடவில்லை, சீனாவுக்குப் போனார். முதல் சின் பேரரசர் கி.மு. 210இல் பயணத்தில் இறந்தபோது முத்திரை சாவோ காவ் என்பவர் கையில் இருந்தது. அமைச்சர் லீ சூவையும் சேர்த்துக்கொண்டு, மூத்த இளவரசரைச் சாகச் சொல்லிப் பேரரசர் பெயரில் ஒரு பொய்க் கடிதம். அவரும் தற்கொலை செய்துகொண்டார். மூன்று வருடம் கழித்து அதே சாவோ காவ் சபைக்கு மானைக் கொண்டுவந்து குதிரை என்றார். மான் என்றவர்கள் தொலைந்தார்கள். ஓலை நாலு கை மாறியிருந்தால் அந்தக் கடிதம் அவ்வளவு சுலபமாகப் போயிருக்குமா என்று கேட்டேன்.

"நாலு கை இருந்தும் இங்க என்ன ஆச்சு ஐயா?" என்று திருப்பிக் கேட்டார். 1878இல் கின்வுன் மின்ஜீயும் மற்ற மந்திரிகளும் நம் சொல் கேட்பார் என்று எண்ணித்தான் பர்மாவின் கடைசி ராஜாவான இளம் தீபோவுக்கு முடிசூட்டத் துணை நின்றார்கள். ஏழே வருடத்தில் ஆங்கிலேயர் அவரைக் கப்பலேற்றி நாடு கடத்தினார்கள், கடைசியில் இந்தியாவின் ரத்னகிரிக்கு. இடையில் ராணி சுபயாலத்தும் மந்திரி தைந்தா மின்ஜீயும் செய்ததை நிதானமாகக் கேட்கத்தான் மச்சான் காத்திருந்தார். பையனோ இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

ஏன் என்று வாசலில் தெரிந்தது. கார் நேராக ஒரு கல் கடைக்குப் போனது. ஒரு மணி நேரம் ஜேட் வளையல். மச்சான் வாங்கவில்லை, கடைக்காரர் கொடுத்த டீயை மட்டும் குடித்தார்.

ஐந்துக்கு மூன்றரை. அமர்த்தும்போதே கல் கடை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்த முறை நானும் அப்படித்தான், தைந்தா மின்ஜீ பாக்கி இருக்கிறாரே.